சாய்கோட்டில் தொலைந்த முத்திரைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பாதிக் குற்றம் என்னுடையது. மீதிப் பாதியைச் செய்தவர் இன்னமும் மலேசியாவின் அலோர் ஸ்டாரில் அதே மாடி அறையில் ஏர்கோனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, நான்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கேள்விப்படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது சின்ன நிறுவனம். முதலாளி, நான், ஸ்கேன் எடுக்க அவ்வப்போது வந்துபோகும் இரண்டு பேர். பழைய காகிதங்களைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதுதான் தொழில். ஒரு சங்கம் எங்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. மூடிப்போன எஸ்டேட் ஆஸ்பத்திரிகளின் பிரசவப் புத்தகங்கள். டாக்டர் இல்லாத காலத்தில் தோட்டத்து மக்களுக்கு மருந்து கொடுத்த டிரெஸர்கள் கையால் எழுதி வைத்தவை. இன்ன தேதியில், இன்ன லயத்து வரிசை வீட்டைச் சேர்ந்த இன்னாருக்குப் பெண் குழந்தை, இன்னாருக்கு ஆண் குழந்தை. பிறப்புப் பத்திரம் எடுக்காமலே விட்டுப்போன குடும்பங்களுக்கு, இந்த மண்ணில் பிறந்ததற்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்த ஒரு வரிதான். எங்கள் அடையாள அட்டைக்கு ஐசி என்று பெயர். குடிமக்களுக்கு நீல ஐசி, தங்கியிருக்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குச் சிவப்பு ஐசி. இங்கேயே பிறந்து இங்கேயே தலை நரைத்தும் சிவப்பு ஐசியோடு அலைகிறவர்கள், அந்த வரியைக் காட்டித்தான் நீலத்துக்கு மனுப் போட முடியும்.

அப்படி வந்தவர்தான் செமிலிங் அக்கா. ஊர் செமிலிங் என்பதால் அப்படிச் சொல்கிறேன். கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அந்தத் தோட்டத்து ரப்பரையெல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது குடும்பத்தோடு செமிலிங்குக்கு வந்து சேர்ந்தார். ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கேண்டினில் சமையல். ஐம்பத்தேழு வயது. சிவப்பு ஐசி. இரண்டு முறை மனுப் போட்டு இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. "எதுக்குக்கா இந்த வயசுல இவ்ளோ பாடு?" என்று முதல் நாளே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"வோட்டுப் போடணும் தங்கச்சி," என்றார். "எலெக்சன் வந்தா எங்க தாமான்ல எல்லா வீட்டுக்கும் நாந்தான் சமைப்பேன். வோட்டுப் போட்டுட்டு வந்து, மை வெரலோட என் கையால மீ கோரெங் வாங்கித் திங்கிறானுங்க. என் வெரலப் பாரு. வெறும் மஞ்சத்தூளு." விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நிஜமாகவே மஞ்சளாகத்தான் இருந்தது.

இனி முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது. எடுத்த அன்று இருந்தபடியேதான் இன்றும் அந்தக் கோப்பு இருக்கிறதா, யாரும் கை வைக்கவில்லையா என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு வழி உண்டு. கோப்பில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஒரு நீளமான எண்ணை உண்டாக்கும். மனிதனுக்குக் கைரேகை மாதிரி. ஒரே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை வேறாகிவிடும். ஸ்கேன் எடுத்த அன்றே புத்தகத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒருவர் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒத்துப்போனால் அந்த ரேகையை எழுதி, 'சரிபார்த்தது' என்று ஒரு முத்திரை வைப்போம். அந்த முத்திரையை எங்கே வைப்பது? இவ்வளவுதான் கேள்வி. இதற்காக முதலாளியும் நானும் ஒரு வாரம் முழுக்க மல்லுக்கட்டினோம்.

கோப்புக்குள்ளேயே வைத்தால், வைத்த மாத்திரத்தில் கோப்பு மாறிவிடும், ரேகையும் மாறிவிடும். கோப்பின் பெயரோடு ஓகே என்று சேர்த்துவிடலாம் என்றால், பெயரை மாற்ற யாருக்கும் இரண்டு விநாடி போதும். ஒவ்வொரு கோப்புக்கும் பின்னால், கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டமே ஒரு சின்னப் பை வைத்திருக்கிறது, வெளியே தெரியாது, அதில் போடலாம். ஆனால் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றினாலோ வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ பை கழன்று விழுந்துவிடும். கோப்பு மட்டும் தன்னந்தனியாகப் போய்ச் சேரும். நான் கேட்டது ரொம்பச் சாதாரணமானது. பக்கத்துக்கு ஒரு எண். எல்லா எண்களும் ரேகைகளும் ஒரே பட்டியலில். பட்டியலுக்கே ஒரு ரேகை எடுத்து, நகல் ஒன்றைச் சங்கத்திடம் கொடுத்துவிடுவது. எங்கள் மெஷின் எரிந்துபோனாலும் முத்திரை அவர்களிடம் இருக்கும்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அவர் டவுன் குடும்பம். பாட்டன் காலத்திலிருந்தே பிறப்புப் பத்திரத்தைப் பத்திரமாகப் பிரேம் போட்டு வைத்த குடும்பம். ஒரு காகிதம் இல்லாமல் ஆயுசு முழுக்க அல்லாடுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ள ஒரு நாளும் முயலவில்லையே, அதற்காகத்தான் சொல்கிறேன்.

"நம்பர் வெச்சு லிஸ்டு போட்டா பதிவு இலாகா கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு என்னா புரியும்?" என்றார். "அவங்க பேரத்தான் தட்டுவாங்க. ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள ஆளுக்கு ஒரு குட்டி ஃபைல், ஐசில உள்ள முழுப் பேரு. உள்ள முத்திரை. முடிஞ்சிச்சு லா."

"பேரு மாறும் பாஸ். நம்பர் மாறாது."

"ஐசி பேரு எப்படிம்மா மாறும்? சும்மா கம்ப்ளிகேட் பண்ணாத. டெமோவுக்கு நல்லா இருக்கணும். பேரத் தட்டுனா பச்சையா வரணும்."

மூன்று நாள் எதிர்த்தேன். நான்காம் நாள் சலித்துப்போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினேன். முந்தைய வேலை ஒன்றில் மிச்சமிருந்த பெயர்களைப் போட்டுச் சோதித்தேன். நடுவில் 'பின்' என்று வரும் மலாய் ஆண் பெயர்கள், 'பிந்தி' என்று வரும் பெண் பெயர்கள், மூன்று சொல்லில் முடியும் சீனப் பெயர்கள். எல்லாம் பச்சை. மனுப் போடுகிறவர்கள் என்று சங்கம் கொடுத்த நிஜமான பெயர்களை ஏற்றிய முதல் நாள் மத்தியானம் ஓர் எர்ரர் வந்தது. "அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை" என்றது. எனக்குப் பசி. முதலாளி கதவில் நின்றுகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்கிறார். எந்த ஃபோல்டர், ஏன் இல்லை என்று பார்க்காமல், "இல்லையென்றால் உருவாக்கிக்கொள்" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். எர்ரர் போய்விட்டது. நானும் நாசி கண்டார் சாப்பிடப் போய்விட்டேன். நான் சொன்ன பாதிக் குற்றம் இந்த ஒரு வரிதான்.

எங்கள் ஐசியைப் பார்த்திருக்கிறீர்களா? மலேசியாவில் தமிழர் பெயர் எப்படி எழுதப்படும்? தன் பெயர், பிறகு A/L அல்லது A/P, பிறகு அப்பா பெயர். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கு மலாயில் போடும் சுருக்கம். நடுவில் ஒரு சாய்கோடு. கம்ப்யூட்டருக்கு அந்தச் சாய்கோட்டின் அர்த்தமே வேறு. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது ஃபோல்டர், பின்னால் இருப்பது அதற்குள் இருக்கும் கோப்பு என்று அது எடுத்துக்கொள்ளும். ஆகவே என் புரோகிராம் ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் இரண்டாக வெட்டியது. பெண்ணின் பெயரும் A என்ற எழுத்தும் சேர்ந்து ஒரு ஃபோல்டர். அதற்குள் P என்ற எழுத்தோடு அப்பா பெயரில் ஒரு குட்டிக் கோப்பு. அப்படி ஃபோல்டர் இல்லையே என்றுதான் எர்ரர் சொன்னது. நான்தான் அதன் வாயைப் பொத்தி, வெட்டியது வெட்டியபடியே இருக்கட்டும் என்று விட்டேன். என் பெயரிலும் அந்தக் கோடு இருக்கிறது. தினமும் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறேன். முதலாளி பெயரிலும் இருக்கிறது. சோதித்துப் பார்க்க எங்கள் பெயர் மட்டும் எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை!

இதில் கொடுமை என்னவென்றால், சில மாதங்கள் எந்தக் கோளாறும் தெரியவில்லை. முத்திரையைத் தேடும்போதும் புரோகிராம் அதே கோணல் வழியில் போய் எடுத்து வந்துவிடும். பெயரைத் தட்டினால் பச்சை. அக்காவின் பெயரும் பச்சையாக வந்ததை நானே அவருக்குக் காட்டினேன். பதிவு இலாகாவில் மூன்றாவது மனுவுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள், ஒரு வியாழக்கிழமை காலை. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அந்த வியாழனை விட்டால் மறுபடி நாள் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் லீவு. சங்கத்துக்காரர்கள் வேலையைப் பார்க்க வருகிறார்கள் என்று முதலாளி மெஷினைத் திறந்து பார்த்திருக்கிறார். முத்திரை ஃபோல்டருக்குள் நூற்றுக்கணக்கில் குட்டி ஃபோல்டர்கள். எல்லாம் A என்று முடிகின்றன. உள்ளே ஒரே ஒரு குட்டிக் கோப்பு, L என்றோ P என்றோ ஆரம்பிக்கிறது. ஏதோ நான் போட்டு வைத்த குப்பை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் பேக்கப் கண்ணாடி மாதிரி, இங்கே அழித்தால் மறுநாள் அங்கேயும் அழிந்துவிடும். அதே ஆஸ்பத்திரிகளில் பிறந்த சில மலாய்க்காரர், சீனர் பெயர்கள் பத்திரமாக இருந்தன. எங்கள் ஆட்களுடைய முத்திரைகள் மட்டும் சுத்தமாகத் துடைத்தெடுத்த மாதிரி போயிருந்தன.

செவ்வாய்க்கிழமை அக்கா பிரிண்ட் வாங்க வந்தார். பெயரைத் தட்டினேன். சிவப்பு எழுத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று வந்தது. மறுபடி தட்டினேன். சிவப்பு. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நிறம் தெரியும். "ஏன் தங்கச்சி செவப்பா வருது? என் ஐசியத் தப்பா வெச்சிட்டியா?" என்று கேட்டார். நாளைக்குப் பார்த்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு மெஷினைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. என் சொந்தப் பெயரை ஐசியில் உள்ளபடி அடித்துப் பார்த்தேன். கண்ணெதிரிலேயே ஒரு ஃபோல்டர் முளைத்தது, அதற்குள் என் அப்பா தனியாகக் கிடந்தார். தலையில் அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை முதலாளியிடம் போனேன். நான் எழுதிய வரியையும் மறைக்காமல் சொன்னேன்.

"அதான் நீயே ஒத்துக்கிட்டியே," என்றார். "சரி விடு. ஒரு ஸ்கிரிப்டு போட்டு எல்லாத்துக்கும் இப்ப ரேகை எடுத்து ஓகே வெச்சிரு. அரை மணி நேர வேல."

"இன்னிக்கு ரேகை எடுத்தா இன்னிக்கு ஃபைல் எப்படி இருக்குன்னுதான் தெரியும் பாஸ். ஸ்கேன் எடுத்த அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"யாரு போய்த் தொடப் போறா? நான்கூட அழுக்கா இருந்த சில பக்கத்த மட்டும்தான் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கினேன்."

"என்னா செஞ்சீங்க?"

அதையும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் செய்திருக்கிறார். அந்தப் பிரசவப் புத்தகங்கள் கரங்கானில் ஒரு கோயில் அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. ஆஸ்பத்திரி மூடியபோது டிரெஸர் அங்கே ஒப்படைத்துவிட்டுப் போனாராம். கோயில் கமிட்டிக்காரர்களுக்கு எந்தப் புத்தகமும் சரஸ்வதிதான். வருஷா வருஷம் பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். அட்டையில் வைத்ததோடு விட்டார்களா? பிரித்து உள்பக்கங்களிலும் வைத்திருக்கிறார்கள். படத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கறை. சங்கத்துக்காரர்களுக்குக் காட்டும்போது அசிங்கமாக இருக்குமே என்று, முதலாளி கறை போக்கும் ஒரு புரோகிராமை ஓட்டியிருக்கிறார்.

"எந்தெந்தப் பக்கம்?"

"அழுக்கா இருந்தது எல்லாம். யாரு லா அதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கா?"

ஞாபகம் வைத்திருப்பதற்குத்தானே ஐயா அந்த முத்திரை! எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று அது மட்டும்தான் சொல்லியிருக்கும். பக்கங்களில் கை வைத்தவரே, அதே நாளில், அதே கையால், சாட்சியையும் அழித்துவிட்டு, இப்போது எல்லாவற்றுக்கும் ஓகே போடு என்கிறார். கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று போய்விடும், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கும் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, காரை எடுத்து, ஹைவேயில் தெற்கே விட்டேன்.

கரங்கான் கோயிலில் செயலாளர் இருந்தார். ஓய்வு பெற்ற லோரி டிரைவர். அலமாரியைத் திறந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அக்காவின் பக்கத்தைப் பிரித்து, மடிக்கணினியில் இருந்த படத்தோடு வைத்துப் பார்த்தேன். படத்தில் பக்கம் வெள்ளை வெளேரென்று புதுசாக இருந்தது. தேதி, பெண் குழந்தை, தாயின் பெயர், எல்லாம் மையில். அவ்வளவுதான். புத்தகத்தில் ஓரத்தில் குங்குமக் கறை, அந்தக் கறைக்குப் பக்கத்தில் பென்சிலில் இரண்டு வரி. தகப்பன் பெயரும் லயத்து எண்ணும். அந்த டிரெஸர் பாதியை மையிலும் பாதியைப் பென்சிலிலும் எழுதும் பழக்கம் உள்ளவர். கறையைத் துடைத்த புரோகிராம் பென்சிலையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அக்காவின் அம்மா பெயரில் அந்தத் தோட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள்! பென்சில் வரி இல்லையென்றால் அது யார் பெற்ற பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது.

"அண்ணே, இந்தப் பொஸ்தகம் எனக்கு ஒரு நாளைக்கு வேணும்," என்றேன்.

"இது வாசலத் தாண்டுனதில்ல தங்கச்சி," என்றார். "உங்க ஆளுங்ககூட இங்கேயே ஒக்காந்துதானே படம் புடிச்சாங்க?"

"எங்க ஆளுங்க புடிச்ச படம் கெட்டுப் போச்சுண்ணே. நாந்தான் கெடுத்தேன். இது இல்லாட்டி அந்த அக்காவுக்கு நாளைக்கு ஒண்ணுமே இல்ல."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, என் பெயர், ஐசி எண், கார் எண் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். எழுதும்போது அந்தச் சாய்கோட்டைக் கொஞ்சம் அழுத்தியே போட்டேன். புத்தகத்தை ஒரு சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்து, "கீழ வெச்சிராத," என்றார்.

அன்று சுங்கை பட்டாணியில் தம்பி வீட்டில் தங்கி, மறுநாள் காலை செமிலிங்கில் அக்காவை ஏற்றிக்கொண்டேன். நல்ல சேலை, தலையில் கனகாம்பரம். கேண்டினில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வழியெல்லாம் புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தார். பசியாறக்கூட இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அலோர் ஸ்டார் பதிவு இலாகா கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. சிடுசிடுவென்று விழுவார் என்று நினைத்துப் போனேன், நல்ல பொறுமைசாலி. எங்கள் சிஸ்டத்தைத் திறந்து அக்காவின் பெயரைத் தட்டினார். திரையில் பச்சையாக 'சரிபார்க்கப்பட்டது' என்று வந்தது. அக்கா சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளினார். எனக்கு உச்சி வரைக்கும் சூடேறியது. நான் கரங்கானுக்குப் போன கையோடு முதலாளி யாரையோ பிடித்து ஸ்கிரிப்ட் எழுதி, அத்தனை பேருக்கும் ஓகே போட்டுவிட்டார்.

அதிகாரி படத்தைத் திறந்து பார்த்தார். தகப்பன் பெயர் எங்கே என்று மலாயில் கேட்டார். நான் பட்டுத் துணியைப் பிரித்துப் புத்தகத்தை வைத்தேன். பென்சில் வரியைப் படித்தார். திரையைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "புத்தகமும் படமும் ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று என்று உங்கள் சிஸ்டம் சொல்கிறது. இங்கே வேறாக இருக்கிறதே. நான் எதை நம்புவது?" என்று கேட்டார்.

இந்த ஒரு பக்கத்தில் மட்டும் தவறு நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் மொத்த சிஸ்டமும் போய்விடும். அதிகாரி அந்தக் கோபத்தில் அக்காவின் மனுவையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டால்? அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகத்தை நம்புங்கள் புவான்," என்று மலாயில் சொன்னேன். "அந்தச் சிஸ்டத்தை நம்பாதீர்கள். அதில் இப்போது பச்சையாக இருப்பது எதையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்தச் சிஸ்டத்தை எழுதியவளே நான்தான்."

அவர் எழுந்து உள்ளே போனார். முக்கால் மணி நேரம் வரவில்லை. அந்த முக்கால் மணி நேரமும் அக்கா என்னைக் கிழித்தெடுத்துவிட்டார்.

"அறிவு இருக்கா ஒனக்கு? பச்சையா வந்திருச்சில்ல? வாய மூடிக்கிட்டு இருந்தா என்னா? அம்பத்தேழு வருசம்டி! அம்பத்தேழு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் கவுண்டர்ல பச்சையா வந்திச்சு, அதையும் நீ வாயாலயே கெடுத்திட்ட!"

"அது பொய்ப் பச்சக்கா."

"எனக்கு எதுவா இருந்தா என்னா? பொய்யா வந்த செவப்பு ஐசியத்தான் இத்தன வருசம் வெச்சிருக்கேன், அப்ப எவனும் வந்து இது பொய்யின்னு சொல்லலியே!"

ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து நீட்டினேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதிகாரி திரும்பி வந்தார். பின்னால் அவருடைய மேலதிகாரி. இரண்டு பேரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். தாளின் நிறம், முன்பக்கம், பின்பக்கம், அதே பென்சில், அதே கையெழுத்து. பிறகு அந்தப் பக்கத்தை அங்கேயே நகலெடுத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டதாக எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்கள். மனுவை வாங்கிக்கொண்டார்கள். பதில் கடிதத்தில் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். அப்புறம் மேலதிகாரி என்னிடம் சொன்னார், மற்றவர்களும் இனி மூலப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும், உங்கள் சிஸ்டத்தை நாங்கள் பார்க்க மாட்டோம் என்று. நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

படியிறங்குவதற்குள் முதலாளி போனில் கூப்பிட்டார், இலாகாவிலிருந்து அவரிடம் விசாரித்திருக்கிறார்கள். "ஒனக்கு என்னா பைத்தியமா? என் பேர நாறடிச்சிட்டியே! நாளைலேர்ந்து வராத," என்றார். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எப்படியும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த ஒரு பதில் மட்டும் அன்று சரியாக வாயில் வந்தது.

அக்காவை வீட்டில் விடக் காரில் தெற்கே திரும்பினோம். குருண் ஊர் தாண்டியதும் அக்கா, "என்னாதான் ஆச்சு, எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார். முத்திரையை எங்கே வைப்பது என்று சண்டை போட்டதிலிருந்து, சாய்கோடு, ஃபோல்டர், குங்குமக் கறை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கனகாம்பரம் வாடிப்போயிருந்தது. அதைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, எங்க வெக்கறதுன்னு தெரியாமத்தான் எங்களத் தொலச்சீங்களா?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்கு லா உங்க படிப்பு." வாடிய பூவை மடியில் வைத்துவிட்டு, "சரி, எனக்கு நீ பொஸ்தகம் தூக்கிட்டு வந்த. மத்தவங்களுக்கு யாரு தூக்கிட்டு வருவா?" என்றார்.

நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். சங்கத்துக்காரர்களிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டினார்கள். திட்டி முடித்த பிறகு, முதலிலிருந்து நீயே செய் என்றார்கள். இப்போது கரங்கானில் அந்த இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான் எனக்கு மேசை. ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி படமெடுத்து, குங்குமத்தோடு, பென்சிலோடு, புத்தகத்தோடு ஒப்பிட்டு, எண் போட்டுப் பட்டியலில் ஏற்றுகிறேன். பட்டியலின் நகல் சங்கத்திடம் ஒன்று, செயலாளர் அண்ணனிடம் ஒன்று. சோதனைக்கு முதலில் போடுவது எப்போதும் என் பெயர்தான். வேலை பாதிகூட முடியவில்லை. முடிவதற்குள் எத்தனை பேர் சிவப்பு ஐசியோடே போய்ச் சேர்வார்களோ, நினைத்தால் நெஞ்சு காந்துகிறது.

அக்காவின் கடிதம் இன்னும் வரவில்லை. நடுவில் தேர்தல் வந்தது. காலையிலேயே வோட்டுப் போட்டுவிட்டு செமிலிங்குக்குப் போனேன். அக்கா வாசலில் பெரிய வாணலியில் மீ நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மை விரல்களோடு கூட்டம். எனக்கும் ஒரு தட்டு போட்டு நீட்டினார். வாங்கும்போது என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். ஆள்காட்டி விரலில் இருந்த மையைத் தன் மஞ்சள் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அப்போதும் வரவில்லை.

"பாத்தியா," என்றார். "எங்க வெக்கணும்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆளு மேலயே வெச்சிட்டாங்க."

பிறகு கையை விட்டுவிட்டு, மீ அடிப்பிடிக்கிறதென்று திரும்பிக்கொண்டார்.